தோற்கப் போன உடும்பு

ஒரு காட்டில் ஒரு மல்யுத்தக் கம்பெனி நடந்துகொண்டிருந்தது. காட்டில் இல்லாத சண்டையா, அதற்கு ஒரு கம்பெனி வேறா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நிஜச் சண்டையை எவனாவது நின்று பார்ப்பானா? புலி ஒரு மானைப் பிடித்தால் மற்ற மானெல்லாம் திரும்பிப் பார்க்காமல் ஓடும். பொய்ச் சண்டை என்றால்தான் புல்லில் குந்தி, நாவல்பழத்தைச் சப்பிக்கொண்டு, குட்டிகளை முதுகில் ஏற்றி வைத்து நிம்மதியாகப் பார்க்கலாம். இந்தச் சூட்சுமம் நாகலிங்கம் என்கிற நரிக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவன் முதலாளி, மற்றவர்கள் பயில்வான்கள்.

தொழில் இப்படித்தான். ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு பயில்வான்களும் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். யார் ஜெயிப்பது, யார் விழுவது, எந்தப் பக்கம் விழுவது, விழும்போது எப்படி அலறுவது, எல்லாம் அங்கேயே முடிவாகிவிடும். பிறகு களத்துக்கு வந்து ஏழு தலைமுறைப் பகை மாதிரி முறைத்துக்கொள்வார்கள். தோற்கிறவன் கையால் தரையில் மூன்று தரம் தட்ட வேண்டும். தட்டினால் நடுவர் நாரை விசில் ஊதும், ஆட்டம் முடிந்தது. அப்புறம் இரண்டு பேரும் ஜனங்கள் பார்க்காத பக்கமாகப் போய் ஒன்றாக ஓடையில் குளிப்பார்கள். ஒருத்தர் முதுகை ஒருத்தர் தேய்த்துவிடுவதும் உண்டு.

இன்றைக்குத் தவசி உடும்பு என்றால் எந்தக் காட்டிலும் தெரியாதவர் கிடையாது. படம் போட்ட பனியன்கூட விற்கிறது. அவன் பெரிய ஆளான கதையை ஆயிரம் பேர் சொல்வார்கள். நான் சொல்வது அவனுடைய ஆரம்ப காலம். அதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

அப்போது தவசிக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. குடியிருந்த புற்றில் ஒரு நாகப்பாம்பு வந்து படுத்துக்கொண்டது. அதனிடம் போய் இது எங்கள் வீடு என்று சொல்லும் தைரியம் தவசிக்கு இல்லை. அவன் பொண்டாட்டி வெள்ளையம்மா ஓடைக்கரை மணலில் குழி பறித்து முட்டையிட்டுவிட்டாள். மழைக்காலம் வரப்போகிறது. தண்ணீர் ஏறினால் முட்டையெல்லாம் போச்சு.

"ஒரு பாறைப் பொந்து பாத்து வையும்னு எத்தனை தரம் சொன்னேன்," என்றாள் வெள்ளையம்மா. "வானத்தைப் பாத்தீரா? உமக்கு நாக்குதான் நீளம், மத்ததெல்லாம் குட்டை."

கம்பெனியில் நிரந்தர வேலைக்காரர்களுக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு. மேட்டில், நல்ல பாறைப் பொந்து, ஒழுகாது. தவசி நேராக நாகலிங்கம் முன்னால் போய் நின்றான்.

நரி அவனை மேலும் கீழும் பார்த்தது. "சண்டை போடத் தெரியுமா?"

"தெரியாது மொதலாளி."

"விழத் தெரியுமா?"

"புத்து மேல இருந்து அடிக்கடி விழுந்திருக்கேன்."

"அது போதும். ஜெயிக்கிறவனுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம், விழுறவன்தான் வேலைக்காரன். நாளைக்குச் சடையாண்டி கூட உனக்கு ஆட்டம். ஒழுங்காத் தோத்துக் காட்டு. தோத்தா வேலை நிரந்தரம், குவார்ட்டர்ஸ் உண்டு. சொதப்பினே, திரும்பிப் பாக்காமப் போயிரணும்."

தவசி சந்தோஷமாகத் தலையாட்டினான். தோற்பதற்குச் சம்பளம் என்று அவன் கேள்விப்பட்டதே இல்லை. இத்தனை நாளும் சும்மாவே தோற்றுக்கொண்டிருந்தான்.

சடையாண்டி என்பது கம்பெனியின் சாம்பியன் கரடி. வெளியே பார்த்தால் இடிமேகம். உள்ளே பார்த்தால் இரண்டு முழங்காலும் தேய்ந்து, படி ஏறும்போது முருகா முருகா என்று ஏறுகிற ஆள். மறுநாள் புதருக்குப் பின்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"கேட்டுக்கோ தம்பி," என்றது கரடி. "நான் உறுமுவேன். நீ நாக்கை நீட்டு. நான் உன் வாலைப் பிடிச்சுச் சுத்துவேன், வலிக்காது, மெதுவாத்தான் சுத்துவேன், எனக்கே தலை சுத்தும். அப்புறம் கீழ போடுவேன். நீ ஐயோ அம்மான்னு ஒரு சத்தம். மூணு தட்டு. சோலி முடிஞ்சுது. எனக்கு முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கணும், சீக்கிரம் போகணும்."

"சரிண்ணே. ஐயோ முதல்லயா, அம்மா முதல்லயா?"

"உனக்கு எது வாய்க்கு வருதோ அது."

களத்துக்கு வந்தார்கள். காடே கூடியிருந்தது. கரடி உறுமியது. தவசி நாக்கை நீட்டினான். இதுவரைக்கும் பேசினபடியே நடந்தது. அந்த நேரம் பார்த்து நடுவர் நாரை மைக்கைப் பிடித்து, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்," என்றது. மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி கீ என்று ஒரு கத்தல் கத்தியது பாருங்கள், கூட்டத்தில் நின்ற யானையே ஒரு அடி பின்னால் போய்விட்டது.

தவசி உடும்புச் சாதி. உடும்புக்குப் பயம் வந்தால் என்ன செய்யும்? கிடைத்ததைப் பிடிக்கும். கிடைத்தது சடையாண்டியின் வலது தொடை. நாலு காலும் இருபது நகமும் அதில் இறங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டான்.

பயில்வான் வேலைக்கு உடும்பைச் சேர்த்தபோது இது நரிக்குத் தோன்றவே இல்லை. நாக்கின் நீளத்தை மட்டும்தான் பார்த்திருந்தது.

"ஏலே, விடுலே," என்றது கரடி பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு அசையாமல்.

"விடணும்னுதான் அண்ணே பாக்கேன். கை கேக்க மாட்டேங்குது."

"அப்பத் தோத்துத் தொலை."

"தோத்துட்டேன்," என்று தவசி கத்தினான். "நான் தோத்துட்டேன், எல்லாரும் கேட்டுக்கோங்க, நான் தோத்துட்டேன்."

கூட்டம் ஒரு நொடி திகைத்தது. அப்புறம் ஒரே சிரிப்பு, ஒரே விசில். சாம்பியனின் தொடையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு நான் தோத்துட்டேன் என்று சொல்கிறானே, என்ன நக்கல், என்ன திமிர் என்று எல்லாருக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று.

நடுவர் நாரை சட்டம் தெரிந்த பறவை. குனிந்து பார்த்தது. "வாயால சொன்னா செல்லாது. கையால தரையில மூணு தட்டு."

"கை ரெண்டும் இங்க மாட்டிக்கிட்டிருக்கே. வாலால தட்டட்டுமா?"

"வாலுக்குச் சட்டத்துல இடமில்லை. நாளைக்கு முயலும் தவளையும் ஆடினா என்ன பண்ணும்?"

"அப்ப என்னதான் செய்ய?"

"தோக்கணும்னா விடணும். பிடிச்சுக்கிட்டே தோக்க முடியாது. அப்படி ஒரு வழி இருந்தா காட்டுல பாதிப் பேரு அதைத்தான் பண்ணிக்கிட்டிருப்பான்."

கரடி தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டியிருக்கலாம். ஆனால் சாம்பியன் ஒரு உடும்பிடம் தோற்றால் பொண்டாட்டி முகத்தில் முழிக்க முடியுமா? அதனால் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பொழுது சாய்ந்தது. கூட்டம் போகவில்லை. கடைசியில் கரடி சொன்னது, "நான் வீட்டுக்குப் போகணும்."

"தாராளமாப் போ," என்றது நாரை. "ஆட்டம் முடியலை. நானும் கூட வாரேன்."

இப்படித்தான் காட்டு வரலாற்றில் முதல் தடவையாக ஒரு மல்யுத்தம் நடந்துகொண்டே தெருவில் போனது. முன்னால் கரடி, அதன் தொடையில் தவசி, பக்கத்தில் விசிலும் கையுமாக நாரை, பின்னால் ஜனம்.

மறுநாள் ரேஷன் கடை. சடையாண்டிக்கு அந்த இடத்தை நினைத்தாலே முழங்கால் கடுக்கும். கடையில் எருமை உட்கார்ந்திருக்கும். மாசாமாசம் வரிசையில் நின்று நின்று, ஒருவழியாகக் கிட்டே போய் மிஷினில் கையை வைத்தால், "ரேகை விழலை, நாளைக்கு வாரும்," என்று சொல்லும். கரடியின் உள்ளங்கையில் ரேகை எங்கே இருக்கிறது, மயிர்தானே இருக்கிறது.

அன்றைக்குக் கரடி நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் வரிசை இரண்டாகப் பிளந்தது. "வழி விடுங்கப்பா, ஆட்டம் வருது." எருமை எழுந்து நின்றது. அது எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை. மிஷினில் கரடி கையை வைத்தது. ரேகை விழவில்லை. எருமை கூட்டத்தைப் பார்த்தது, நாரையைப் பார்த்தது, தவசியின் இருபது நகத்தைப் பார்த்தது.

"விழுந்திருச்சு," என்று சொல்லித் தேனை அளந்து ஊற்றியது. கொசுறாக இன்னொரு கரண்டி.

நாகலிங்கம் மரத்தடியில் நின்று இதையெல்லாம் பார்த்தது. முதல்நாள் தலையில் கை வைத்து உட்கார்ந்த நரி, இப்போது காதைச் சொறிந்தது. மறுநாளே மரத்துக்கு மரம் தட்டி வைத்தார்கள்: 'சாம்பியன் வரிசையில் நிற்கும் பயங்கரக் காட்சி. இன்று ரேஷன் கடை. நாளை தபால் ஆபீஸ்.' அதற்கும் டிக்கெட். களம் கூட்டிப் பெருக்கும் செலவுகூட நரிக்கு மிச்சம்.

தவசி இதற்குள் பெரிய ஆளாகிவிட்டான். வாய் திறந்து என்ன சொன்னாலும் கைதட்டு. "எனக்குப் பயமா இருக்கு," என்றால் கூட்டம் வயிற்றைப் பிடித்துச் சிரிக்கும். "என்னைக் காப்பாத்துங்க," என்றால் குரங்குகள் கிளையைப் பிடித்து உலுக்கும். அதைப் பார்த்து அவனுக்கு இன்னும் பயம். பிடி இன்னும் இறுகும். கரடி அலறும். அலறலுக்குத் தனிக் கைதட்டு.

வீட்டில் கரடியின் பொண்டாட்டி முதலில் வாசலை மறித்தாள். "தொடையில என்னத்தைக் கட்டிக்கிட்டு வாரீரு?"

"வேலை," என்றது கரடி.

அவள் நல்லவள். தவசிக்குக் கை இல்லாத குறை தெரியாமல் கரையானைப் பிடித்து அவளே வாயில் ஊட்டினாள். "வாயைத் தொறங்க கொழுந்தனாரே. நல்லா மென்னு தின்னுங்க."

"நல்ல ருசி மதினி," என்பான் தவசி, தொடைப் பக்கமிருந்து.

எல்லாம் சரி. மழை மட்டும் காத்திருக்குமா? மேற்கே மேகம் கறுத்தது. ஓடைப் பக்கமாகக் கரடி நடந்து போனபோது வெள்ளையம்மா மணலில் முட்டைக்குழி மேல் படுத்திருந்தாள். தண்ணீர் அவள் வாலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"என்ன, பெரிய ஆளாயிட்டீரு போல," என்றாள். "மரம் பூரா உம்ம மூஞ்சிதான். அந்த மூஞ்சியைக் கொண்டாந்து இந்தக் குழிக்கு அணை கட்டுமே."

அன்றைக்கே தவசி நரியிடம் கேட்டான். "மொதலாளி, குவார்ட்டர்ஸ்."

"தோத்தாத் தருவேன்னுதானே பேச்சு. நீ இன்னும் தோக்கலையே."

"வாயால தெனமும் தோக்கேனே."

"நடுவர் சொல்லட்டும், சாவி தாரேன்."

நரிக்கு உள்ளூரச் சிரிப்பு. அவன் தோற்கவே மாட்டான், சாவியும் தர வேண்டாம், கூட்டமும் குறையாது. இப்படி ஒரு வியாபாரம் எந்த நரிக்குக் கிடைத்திருக்கிறது?

தவசி யோசித்தான். தோற்க வேண்டும். தோற்கணும்னா விடணும். விடணும்னா பயம் போகணும். அன்றிலிருந்து அவன் பயத்தை விடப் பயிற்சி எடுத்தான். மற்றவர்கள் தண்டால் எடுப்பார்கள், கர்லாக்கட்டை சுற்றுவார்கள். தவசி கண்ணை மூடி, முட்டைக்குள் குஞ்சுகள் புரள்வதை நினைத்து மெதுவாக மூச்சுவிட்டான். ஒலிபெருக்கி கத்தினால், கத்தட்டும் என்றான். யானை பிளிறினால், பாவம், அதற்கு என்ன கஷ்டமோ என்றான். ஒரு மத்தியானம் சடையாண்டி மரத்தடியில் சாய்ந்து ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தது. அப்போது தவசிக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. ஒரு நகம் தானாகக் கழன்று வெளியே வந்தது.

"அண்ணே," என்றான் மெதுவாக. "பயம் போயிருச்சுண்ணே. விட்டுரவா?"

கரடியின் பாட்டு நின்றது. சுற்றுமுற்றும் பார்த்தது. நாரை ஒற்றைக் காலில் தூங்கிக்கொண்டிருந்தது.

"சத்தம் போடாத. வாயை மூடிக்கிட்டுப் பயப்படு."

"என்னண்ணே இப்படிச் சொல்றீங்க? வலிக்குதுன்னு அழுதீங்களே."

"வலி பழகிருச்சுடா. நீ வந்ததுல இருந்து நான் ஒரு வரிசையில நின்னிருக்கேனா? ஒருத்தன் என்னை அடிச்சிருக்கானா? அடுத்த ஆட்டத்துல புதுசா வந்த சிறுத்தைப் பயகிட்ட என்னைத் தோக்கச் சொல்லி மொதலாளி முடிவு பண்ணி வச்சிருந்தான், தெரியுமா? அதோட என் கதை முடிஞ்சுது. இந்த ஆட்டம் முடியாதவரைக்கும் நான்தான் சாம்பியன். வீட்டுல உன் மதினி என்னை ஒரு சொல் திட்ட முடியுதா? நடுவர் இருக்காரேன்னு வாயை மூடிக்கிறா. உனக்குக் கோடிப் புண்ணியம், இறுக்கிப் பிடி."

"முட்டை நனைஞ்சிரும் அண்ணே."

 கரடிக்கும் பிள்ளைகள் உண்டு.  ஓடை இருக்கிற பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொண்டது.

மறுநாள் தபால் ஆபீஸ் வாசலில் ஆட்டம். எள் போட இடமில்லாத கூட்டம். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. தவசி மூச்சை இழுத்து விட்டான். முட்டைகளை நினைத்தான். ஒரு பின்கால் கழன்றது.  இன்னொரு பின்காலும் கழன்றது. நாரை விசிலை எடுத்து அலகில் வைத்தது. எருமை அசைபோடுவதை நிறுத்தியது. வலது கை கழன்று, தரையை நோக்கி மெள்ள இறங்கியது. உள்ளங்கை ஒரு தரம் மண்ணில் பட்டது.

"ஒண்ணு," என்றது நாரை.

கரடி கண்ணை மூடிக்கொண்டது. டிக்கெட் வாங்கின ஒரு முயல் அழ ஆரம்பித்தது. நாளைக்கு இந்த நேரம் எதைப் பார்ப்பது என்று அதற்குக் கவலை.

"ரெண்டு."

முதல் பின்கால் கழன்றதுமே காணாமல் போயிருந்த நாகலிங்கம் அப்போது கூட்டத்துக்குள் புகுந்து ஓடி வந்தது. நரி அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை, அதற்கு எப்போதும் மற்றவர்கள்தான் ஓடுவார்கள். தவசியின் காதுப் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னது:

"தவசி, வேலையை நிரந்தரம் பண்ணிட்டேன். குவார்ட்டர்ஸ் உனக்குத்தான். இப்பத்தான் உன் பொண்டாட்டி கையில சாவியைக் கொடுத்துட்டு வாரேன். முட்டையெல்லாம் ஒவ்வொண்ணா மேட்டுக்குத் தூக்கிட்டுப் போறா. நல்ல பொந்து, காஞ்சு கிடக்கு."

தவசியின் கண்ணில் தண்ணீர் வந்தது. "தெய்வம் மொதலாளி நீங்க."

"இரு, முடிக்கலை. நீ இந்தக் காலை விட்டேன்னா சாவியைத் திருப்பி வாங்கிருவேன்."

மைக் செய்யாததை, யானை செய்யாததை, நாகப்பாம்பு செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்தது. கழன்ற மூன்று காலும் ஒரே பாய்ச்சலில் திரும்ப வந்தன. இருபது நகமும் பழைய பள்ளத்தைத் தாண்டி எலும்பு வரைக்கும் இறங்கியது. சடையாண்டி தன் தொழில் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நிஜமாக ஒரு உறுமல் உறுமியது. தபால் ஆபீஸ் கூரையில் ஓடு பெயர்ந்தது. ஜனங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நாரை விசிலை அலகிலிருந்து எடுத்து, "ஆட்டம் தொடரும்," என்றது. வலியில் துடித்த கரடியின் முகத்தில், கவனித்துப் பார்த்திருந்தால், ஒரு நிம்மதி தெரிந்திருக்கும்.

அதன் பிறகு தவசியைப் பயமுறுத்த யாரும் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. வீடு இல்லாதவன் பயம் எப்போதாவது போகும். வீடு கிடைத்தவன் பயம் போகவே போகாது. காலையில் கண் விழிக்கும்போதே அவனுக்குச் சாவி ஞாபகம் வந்துவிடும், பிடி தானாக இறுகிவிடும்.

முட்டைகள் பொரிந்தன. கரடி சில நாள் அந்தப் பக்கமாக நடந்து போகும். பொந்து வாசலில் நின்று, தொடையைக் கொஞ்சம் உள்ளே நீட்டும். குஞ்சுகள் அப்பாவை முத்தமிடும். முதுகை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அல்லவா, அவை வெகுகாலம் அப்பாவுக்கு முகம் உண்டு என்பதையே நம்பவில்லை.

"பிள்ளைங்களுக்கு ரெண்டு வார்த்தை நல்லது சொல்லும்," என்பாள் வெள்ளையம்மா.

"என்னத்தைச் சொல்ல? கொஞ்சம் பயமாவே இருக்கட்டும்," என்பான் தவசி.

இப்போது அந்தக் கம்பெனி வாசலில் தினமும் வேலை கேட்டுக் கூட்டம். போன வாரம் ஒரு வாட்டசாட்டமான காட்டுப்பன்றி வந்தது. "எனக்குப் பயம்னா என்னன்னே தெரியாது," என்று நெஞ்சைத் தட்டியது. நாகலிங்கம் அதைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டது. அதற்குப் பின்னால் ஒரு மெலிந்த மரநாய்.

"சண்டை போடத் தெரியுமா?"

"தெரியாது மொதலாளி."

"விழத் தெரியுமா?"

"அதுவும் தெரியாது."

"பயம்?"

"மாசம் பொறந்தா வாடகை கொடுக்கணுமேன்னு நெனைச்சா, ராத்திரி பூரா கிளையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே கிடப்பேன்."

"உள்ள வா," என்றது நரி. "எந்தக் கால் வேணும்னு பாத்துக்கோ."

நீதி: பயத்தை விட்டவன் வீட்டையும் விட வேண்டி வரும். ஆகவே பிள்ளைகளே, நன்றாகப் பயப்படுங்கள். பயப்படும்போது ஏதாவது பெரிய ஆள் காலாகப் பார்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். அவனும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறான்.